போப்பின் சொல்லுக்கு அரசர்கள் ஏன் பணிந்தார்கள்?

போப் என்பவர் அடிப்படையில் ரோம் நகரத்தின் ஆயர், அதாவது பிஷப். பெரிய ஊர்களுக்கெல்லாம் ஓர் ஆயர் இருந்தார், ரோமுக்கும் ஒருவர் இருந்தார். அந்த ஒரு நகரத்து ஆயர், பேரரசர்களை அரியணையிலிருந்து இறக்கிவிட்டேன் என்று அறிவிக்கும் நிலைக்கு எப்படி வந்தார்? அந்த அதிகாரம் பிறகு எப்படிக் கைநழுவியது? இடைக்காலத்தில் போப் சர்வ வல்லமையோடு இருந்தார், மார்ட்டின் லூதர் வந்ததும் எல்லாம் சரிந்தது என்று பள்ளிப் புத்தகம் இதை இரண்டு வரியில் முடித்துவிடும். நடந்ததைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. அரசருக்கு எதிராக அவருடைய நாட்டுக்குள்ளேயோ பக்கத்து நாட்டிலோ ஏற்கனவே ஒரு கூட்டம் காத்திருந்த இடங்களில்தான் போப்பின் சொல் பலித்தது. அப்படி யாரும் இல்லாத இடத்தில் அது வெறும் ஓலையாகக் கிடந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், குழப்பமாகத் தோன்றும் பல நூற்றாண்டு வரலாறு ஓரளவு பிடிபட்டுவிடும்.

முதலில் அடித்தளம். இயேசுவின் சீடர்களில் முதன்மையானவரான பேதுரு, நீரோ மன்னன் காலத்தில் ரோமில் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. விண்ணரசின் திறவுகோல்களை உன்னிடம் தருவேன் என்று இயேசு அவரிடம் சொன்னதாக மத்தேயு நற்செய்தியில் வருகிறது. அந்தத் திறவுகோலுக்கு வாரிசு ரோமின் ஆயரே என்பதுதான் போப் பதவிக்கு ஆதாரம். ஆரம்பத்தில் ரோமுக்குச் சமமான பெருமையோடு அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எருசலேம், பிறகு கான்ஸ்டான்டிநோபிள் ஆகிய நகரங்களும் இருந்தன. ஆனால் அந்த நான்கும் கிழக்கே. மேற்கு ஐரோப்பாவில் அப்போஸ்தலர் பெயரைச் சொல்லிக்கொள்ளக்கூடிய பெரிய ஆயர் பீடம் ரோம் ஒன்றுதான்.

330இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் தலைநகரைக் கிழக்கே கான்ஸ்டான்டிநோபிளுக்கு மாற்றினார். 476இல் மேற்கில் கடைசிப் பேரரசரும் பதவி இழந்தார். பேரரசு போன பிறகும் ரோமில் மிஞ்சி நின்ற அமைப்பு திருச்சபைதான். கணக்கு எழுதத் தெரிந்தவர்களும், சட்டம் தெரிந்தவர்களும், பஞ்சத்தில் தானியம் பங்கிட ஆள் வைத்திருந்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள். 452இல் ஹூணர் தலைவன் அட்டிலா இத்தாலிக்குள் புகுந்தபோது, அவனிடம் பேசப் போன தூதுக்குழுவில் முன்னால் நின்றவர் போப் முதலாம் லியோ. 590 முதல் 604 வரை போப்பாக இருந்த முதலாம் கிரகோரி, நகரத்தின் உணவு முதல் பாதுகாப்பு வரை எல்லாவற்றையும் தன் தலையில் சுமந்தார். இங்கிலாந்துக்கு மறைபரப்பாளர்களையும் அனுப்பினார். இந்த அதிகாரத்தை அப்போது யாரும் திட்டமிட்டு எடுத்துக்கொள்ளவில்லை. காலியான இடத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள் தலையில் அது விழுந்தது.

எட்டாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. வட இத்தாலியை ஆண்ட லொம்பார்டியர்கள் ரோமை நெருக்கினார்கள். கிழக்கிலிருந்து உதவி வரவில்லை. அதே நேரத்தில் பிராங்கிய நாட்டில் பெப்பின் என்பவருக்கு வேறொரு தேவை. உண்மையில் ஆண்டது அவர். ஆனால் அரசர் என்ற பட்டம் பழைய மெரோவிங்கிய வம்சத்தில் இருந்தது. கையில் அதிகாரம் இல்லாதவன் அரசன் என்று இருப்பது சரியா என்று போப் சக்கரியாவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். ஆள்பவனே அரசனாக இருப்பது மேல் என்று பதில் வந்தது. 751இல் பெப்பின் அரசரானார். 754இல் போப் இரண்டாம் ஸ்டீபன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து போய் அவருக்குத் தன் கையாலேயே எண்ணெய் பூசி அபிஷேகம் செய்தார். கைம்மாறாக பெப்பின் லொம்பார்டியர்களைத் தோற்கடித்து, நடு இத்தாலியில் பிடித்த நிலத்தை 756இல் போப்பின் பெயருக்குக் கொடுத்தார். 1870 வரை நீடித்த போப் நாட்டுக்கு இதுதான் தொடக்கம். 800ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பெப்பினின் மகன் சார்லமேனுக்கு ரோமில் பேரரசர் முடி சூட்டியவர் போப் மூன்றாம் லியோ.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரண்டு பக்கமும் லாபம் இருந்தது. அரசருக்குத் தான் முறையானவன் என்ற சான்று கிடைத்தது. போப்புக்கு வாள் கிடைத்தது. ஆனால் ஒரு கேள்வி பதிலில்லாமல் நின்றது. முடியைச் சூட்டியவர் பெரியவரா, சூட்டிக்கொண்டவர் பெரியவரா? கான்ஸ்டன்டைன் பேரரசர் மேற்கு முழுவதையும் போப்புக்கே எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம்கூட இந்தக் காலத்தில் உருவானது. அது போலி. 1440இல் லோரன்சோ வாலா என்ற இத்தாலிய அறிஞர், அதன் லத்தீன் நடை கான்ஸ்டன்டைன் காலத்தது இல்லை என்று காட்டி அதை உடைத்தார். அதுவரை பல நூற்றாண்டுகள் ஐரோப்பா அதை மெய்யென்றே நம்பியது.

பத்தாம் நூற்றாண்டில் போப் பதவி ரோம் நகரத்துப் பெருங்குடும்பங்களின் கையில் சிக்கிச் சீரழிந்தது. ஜெர்மானியப் பேரரசர்கள் வந்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள், கூடவே தங்கள் சொற்படி வைத்தும் கொண்டார்கள். 1046இல் போப் பதவிக்கு ஒரே சமயத்தில் மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். பேரரசர் மூன்றாம் ஹென்றி மூவரையும் விலக்கிவிட்டுத் தன் ஆளை அமர்த்தினார். அரசர் போப்பை நீக்கிய காலம் இது. முப்பதே ஆண்டில் இது தலைகீழானது.

அந்தத் திருப்பத்துக்கு விதை போட்டவர்கள் சீர்திருத்தக்காரர்கள். ஆயர் பதவி காசுக்கு விற்கப்படக் கூடாது, குருக்கள் மணம் செய்யக் கூடாது, திருச்சபைப் பதவிகளை அரசர்கள் வழங்கக் கூடாது என்றார்கள். 1059இல் போப்பைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு, அவருக்கு அடுத்த நிலையில் இருந்த கர்தினால்களின் கைக்கு வந்தது. 1073இல் போப் ஆன ஏழாம் கிரகோரி இந்த அணியின் தீவிரமான முகம். 1075இல் அவருடைய பதிவேட்டில் எழுதப்பட்ட 27 வாசகங்கள் இன்று படித்தாலும் திடுக்கிட வைக்கும்: இளவரசர்கள் எல்லோரும் போப்பின் பாதத்தை மட்டுமே முத்தமிட வேண்டும், போப் பேரரசர்களைப் பதவி நீக்கலாம், போப்புக்குத் தீர்ப்பு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆயர்களை யார் நியமிப்பது என்பதற்கு இவ்வளவு பெரிய சண்டை ஏன்? ஜெர்மனியில் ஆயர் என்றால் பூசை வைக்கும் பெரியவர் மட்டும் இல்லை. கோட்டையும் நிலமும் வரியும் போர்வீரர்களும் வைத்திருந்த பிரபு. சாதாரணப் பிரபு செத்தால் நிலம் அவர் மகனுக்குப் போகும். இரண்டு தலைமுறையில் அரசருக்கே எதிராக நிற்பார்கள். ஆயருக்குச் சட்டப்படி வாரிசு கிடையாது. அவர் இறந்ததும் அரசர் தனக்கு வேண்டிய இன்னொருவரை அமர்த்தலாம். அதனால்தான் அரசர்கள் ஆயர்களுக்குப் பதவிச் சின்னங்களான மோதிரமும் கைக்கோலும் தாங்களே கொடுத்து, ஆட்சியையே அவர்களை நம்பி நடத்தினார்கள். அந்த உரிமையை எடுத்தால் பேரரசின் முதுகெலும்பை எடுத்த மாதிரி.

அப்போது ஜெர்மனியின் அரசராக இருந்த நான்காம் ஹென்றி விட்டுக்கொடுக்கவில்லை. 1076 ஜனவரியில் வோர்ம்ஸ் நகரில் தன் ஆயர்களைக் கூட்டி, கிரகோரியின் பழைய பெயரைச் சொல்லி, ஹில்டெபிராண்டே, நீ இனிப் போப் இல்லை, போலித் துறவி, இறங்கு என்ற பொருளில் கடிதம் அனுப்பினார். அடுத்த மாதமே ரோமிலிருந்து பதிலடி வந்தது. ஹென்றி திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார். நம் பக்கத்து ஊர்விலக்கை நினைத்துக்கொள்ளலாம்: அவரோடு யாரும் புழங்கக் கூடாது, வழிபாட்டில் அவருக்கு இடமில்லை. ஆனால் உண்மையான அடி அதற்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு வரி. ஹென்றிக்குச் செய்துகொடுத்த விசுவாசப் பிரமாணத்திலிருந்து எல்லாக் கிறிஸ்தவர்களையும் விடுவிக்கிறேன் என்றார் கிரகோரி.

அந்தக் காலத்து அரசருக்குச் சம்பளப் படை இல்லை, காவல்துறை இல்லை, வரி அலுவலகம் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம், கூப்பிட்டால் ஆட்களோடு வருகிறேன் என்று பிரபுக்கள் செய்த சத்தியம். நற்செய்திப் புத்தகத்தின் மீதோ புனிதர்களின் எலும்பின் மீதோ கை வைத்துச் செய்த சத்தியம். கடவுள் சாட்சியாகக் கட்டிய முடிச்சு அது. அதை அவிழ்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று பேதுருவின் வாரிசு சொன்னால், அந்த அரசாங்கத்தின் அஸ்திவாரமே ஆடும்.

ஆடியது. ஆனால் ஏன் ஆடியது என்பதைக் கவனிக்க வேண்டும். சாக்சனி பிரபுக்கள் 1073 முதலே ஹென்றிக்கு எதிராகக் கலகம் செய்து, அப்போதுதான் அடக்கப்பட்டிருந்தார்கள். தென் ஜெர்மனியின் டியூக்குகளுக்கும் அவர்மேல் கோபம். இவர்களுக்குக் கைக்கு ஒரு காரணம் கிடைத்தது. 1076 அக்டோபரில் டிரிபுர் என்ற இடத்தில் கூடி, ஓராண்டுக்குள் ஹென்றி இந்தத் தண்டனையிலிருந்து விடுபடாவிட்டால் அவர் எங்களுக்கு அரசர் இல்லை என்று முடிவெடுத்தார்கள். 1077 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் நகரில் போப்பையே நடுவராக அழைத்துக் கூடுவது என்றும் பேச்சு. போப்பும் பிரபுக்களும் ஒரே அறையில் உட்கார்ந்துவிட்டால் தன் கதை முடிந்தது என்று ஹென்றிக்குப் புரிந்துவிட்டது.

அதனால் நடுக்குளிரில் மனைவியோடும் சிறு மகனோடும் ஆல்ப்ஸைக் கடந்தார். பனி உறைந்த சரிவில் ஆண்கள் தவழ்ந்து இறங்கினார்கள், பெண்களை மாட்டுத்தோலில் உட்காரவைத்து இழுத்து இறக்கினார்கள் என்று அக்காலத்துத் துறவி லாம்பர்ட் எழுதிவைத்திருக்கிறார். வடக்கு நோக்கிப் புறப்பட்டிருந்த கிரகோரி, ஹென்றி வருவதைக் கேட்டதும் தஸ்கனியின் சீமாட்டி மெட்டில்டாவின் கனோசா கோட்டைக்குள் ஒதுங்கினார். 1077 ஜனவரி கடைசியில் மூன்று நாள் அந்தக் கோட்டை வாசலில், அரச உடையைக் களைந்துவிட்டு, கம்பளித் துணியோடு வெறுங்காலில் ஹென்றி நின்றார். இதைச் சொல்வது கிரகோரியே ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய கடிதம்தான். உள்ளே இருந்தவர்களே, இது கண்டிப்பா கொடுமையா என்று தன்னைக் கேட்டதாகவும் அதில் எழுதுகிறார். கடைசியில் கதவு திறந்தது, மன்னிப்பு கிடைத்தது.

பேரரசர் போப்பின் காலில் விழுந்த நாள் என்றே இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். என் பார்வையில் அன்று மாட்டிக்கொண்டவர் கிரகோரிதான். அரசியல்வாதியாக அவர் ஹென்றியை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஒரு குருவும் ஆயிற்றே. மனம் வருந்தி வந்து நிற்பவனுக்குப் பாவமன்னிப்பு மறுக்க ஒரு குருவால் எப்படி முடியும்? மன்னித்த கணமே பிரபுக்களின் காரணம் செத்துப்போனது. அவர்கள் கோபத்தில் மார்ச் மாதம் சுவாபியாவின் ருடால்ஃபை எதிர் அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டது. 1080இல் கிரகோரி இரண்டாம் முறை சபைநீக்கம் செய்தபோது அது பெரிதாகப் பலிக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் ருடால்ஃப் போரில் மாண்டார். ஹென்றியின் நாட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ள வலுவான ஆள் இல்லை. 1084இல் ஹென்றி ரோமையே பிடித்து, தான் அமர்த்திய போப்பின் கையால் முடிசூட்டிக்கொண்டார். கிரகோரியை மீட்கத் தென் இத்தாலியிலிருந்து வந்த நார்மானியர்கள் நகரத்தைச் சூறையாடினார்கள். ரோம் மக்களின் வெறுப்புக்கு ஆளாகி, அடுத்த ஆண்டு சலேர்னோவில் கிரகோரி இறந்தார். நியமனச் சண்டை 1122இல்தான் வோர்ம்ஸ் உடன்படிக்கையில் சமரசமாக முடிந்தது: மோதிரமும் கைக்கோலும் திருச்சபை கொடுக்கும், நில உரிமைக்கான செங்கோலை அரசர் கொடுப்பார்.

இடையில் 1095இல் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் உர்பான், எருசலேமை முஸ்லிம்களிடமிருந்து பிடிக்கும் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார். அந்த முதல் சிலுவைப்போரில் அரசர் ஒருவரும் போகவில்லை. ஜெர்மனியின் ஹென்றியும் பிரான்சின் முதலாம் பிலிப்பும் அப்போது சபைநீக்கத்தில் இருந்தவர்கள். அரசர்கள் இல்லாமலேயே ஐரோப்பாவின் பிரபுக்களைப் படையாகத் திரட்ட முடியும் என்று ரோம் காட்டிவிட்டது. அந்த வெறியில் 1096இல் ரைன் ஆற்றங்கரை யூதர்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டதையும், 1099இல் எருசலேமில் ஓடிய இரத்தத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு இந்த அதிகாரத்தைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

உச்சம் என்று எல்லோரும் சொல்வது 1198 முதல் 1216 வரை இருந்த மூன்றாம் இன்னசென்ட்டின் காலம். கேன்டர்பரி பேராயர் நியமனத்தில் இங்கிலாந்து அரசர் ஜானோடு தகராறு வந்தபோது, 1208இல் நாடு முழுவதற்கும் வழிபாட்டுத் தடை போட்டார். ஆலயக் கதவுகள் மூடின, மணிகள் ஓய்ந்தன. குழந்தைகளுக்கு ஞானஸ்நானமும் சாகக்கிடப்பவர்களுக்குப் பாவமன்னிப்பும் மட்டும் உண்டு. இறந்தவர்களை மந்திரித்த கல்லறையில் புதைக்க முடியாது. தகராறு அரசரோடு, தண்டனை அனுபவித்தது, செத்த தாயை வயல் ஓரத்தில் புதைத்த குடியானவர்கள். ஜான் அசைந்தாரா? இல்லை. திருச்சபைச் சொத்துகளைப் பறித்துக் காசு பார்த்தார். ஐந்து ஆண்டுகள் அப்படியே ஓடின. 1213இல் பிரான்சின் இரண்டாம் பிலிப் படையெடுக்கத் தயாரானார், சொந்தப் பிரபுக்களும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் ஜான் பணிந்து, இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் போப்புக்கே எழுதிக்கொடுத்து, ஆண்டுக்கு 1,000 மார்க் கப்பம் கட்டுவதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த நாளிலிருந்து இன்னசென்ட் ஜானின் காவலர். 1215இல் அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிப் பிரபுக்கள் அவரிடம் வாங்கிய மாக்னா கார்ட்டா சாசனத்தைச் செல்லாது என்று அறிவித்தவரும் அவரே.

சுமார் 90 ஆண்டுகள் கழித்து இதே ஆயுதத்தை எட்டாம் போனிபாஸ் பிரான்சின் நான்காம் பிலிப்பின் மீது வீசினார். குருக்களிடம் வரி வாங்கியதில் ஆரம்பித்த சண்டை அது. உலக அதிகாரம் ஆன்மிக அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டது, மீட்புப் பெற எல்லா மனிதரும் போப்புக்குப் பணிந்தே ஆக வேண்டும் என்று 1302 நவம்பரில் ஆணை வெளியிட்டார். கிரகோரிகூட இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. ஆனால் பிரான்ஸ் 1076இன் ஜெர்மனி இல்லை. பிலிப்பிடம் சட்ட வல்லுநர்கள் இருந்தார்கள், வரி வந்தது, அதே 1302இல் குருக்கள், பிரபுக்கள், நகரத்தார் மூன்று தரப்பையும் கூட்டித் தன் பக்கம் நிறுத்திக்கொண்டார். காத்திருந்த எதிரிக் கூட்டம் இம்முறை போப்பின் வீட்டில் இருந்தது. ரோமின் கொலோன்னா குடும்பம் போனிபாஸின் பரம எதிரி. 1303 செப்டம்பரில் பிலிப்பின் ஆள் நோகாரேவும் ஷாரா கொலோன்னாவும் படையோடு போய், போப்பின் சொந்த ஊரான அனாஞியிலேயே அவரைச் சிறைபிடித்தார்கள். ஊர் மக்கள் எழுந்து அவரை மீட்டாலும், அடுத்த மாதமே அவர் இறந்துவிட்டார்.

1309 முதல் 1377 வரை போப்புகள் பிரான்ஸ் எல்லையில் உள்ள அவிஞோனில் இருந்தார்கள். ஏழு பேர், ஏழு பேரும் பிரெஞ்சுக்காரர்கள். 1378இல் ஒரே நேரத்தில் இரண்டு போப்புகள், 1409இல் மூன்று. அரசர்கள் தங்களுக்குத் தோதான போப்பை ஆதரித்தார்கள். கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் 1417இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்துக் குழப்பத்தைத் தீர்த்தது. ஆனால் பழைய மரியாதை திரும்பவில்லை.

அதன் பிறகு வந்தவர்கள் இத்தாலியச் சிற்றரசர்களைப் போல நடந்தார்கள். 1511இல் இரண்டாம் ஜூலியஸ் மிராண்டோலா முற்றுகைக்கு நேரில் போய் நின்றார். சொந்த நிலம் இருந்தால் யாருக்கும் தலைவணங்க வேண்டாம் என்பது கணக்கு. ஆனால் நிலம் இருந்தால் அதைப் பிடிக்கவும் ஆள் வருவான். 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோமைச் சூறையாடின. போப் ஏழாம் கிளமெண்ட் கைதியானார். அந்த நேரம் பார்த்து இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, கேத்தரினோடு தனக்கு நடந்த திருமணம் செல்லாது என்று அறிவிக்கும்படி கேட்டார். கேத்தரின் சார்லஸின் சித்தி. கிளமெண்ட் எப்படித் தலையாட்டுவார்? 1534இல் இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசரே தலைவர் என்று சட்டம் வந்தது. ரோமுக்கு எதிராக 1517இல் ஜெர்மானியத் துறவி லூதர் தொடங்கிவைத்த கிளர்ச்சியும் இப்படித்தான் பிழைத்தது. ரோமுக்குப் போகும் பணத்தையும் திருச்சபை நிலத்தையும் தங்களிடமே வைத்துக்கொள்ள விரும்பிய ஜெர்மானிய இளவரசர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள். இம்முறை காத்திருந்த கூட்டம் போப்புக்கு எதிர்ப்பக்கம். 1570இல் ஐந்தாம் பயஸ், முதலாம் எலிசபெத்தைப் பதவி நீக்கி ஆணையிட்டார். எலிசபெத் மேலும் 33 ஆண்டுகள் ஆண்டார். அவதிப்பட்டவர்கள் இங்கிலாந்தின் கத்தோலிக்கர்கள்தான், அவர்கள் எல்லோரும் துரோகிகளாகப் பார்க்கப்பட்டார்கள்.

இந்த அதிகாரத்தின் வால் நம் கரைக்கும் நீண்டது. 1455இல் போப் ஐந்தாம் நிக்கோலாஸ் போர்ச்சுக்கலுக்கும், 1493இல் ஆறாம் அலெக்சாண்டர் ஸ்பெயினுக்கும் கடல் கடந்த நிலங்களில் உரிமை எழுதிக்கொடுத்தார்கள். கிழக்கே திருச்சபையை நடத்தும் பொறுப்பு போர்ச்சுக்கல் அரசரிடம் போனது. 1542இல் கோவாவில் இறங்கி முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வேலை செய்த பிரான்சிஸ் சவேரியார் அந்த ஏற்பாட்டில் வந்தவர். கைவிட்ட உரிமையைத் திரும்பப் பெற 1622இல் ரோம் தனி மறைபரப்பு அலுவலகம் தொடங்கியது. மயிலாப்பூரில் போர்ச்சுக்கல் வழி ஆயர், சென்னையில் ரோம் நேரடியாக அமர்த்திய ஆயர் என்று ஒரே ஊரில் இரண்டு அதிகாரம் பல காலம் நடந்தது. இரண்டும் ஒரே மறைமாவட்டமாக இணைந்தது 1952இல்தான்.

முப்பதாண்டுப் போரை முடித்த 1648ஆம் ஆண்டு வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையைப் போப் பத்தாம் இன்னசென்ட் கண்டித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெப்போலியன் காலத்தில் ஒரு போப் பிரான்சில் கைதியாகவே இறந்தார். அடுத்தவர் 1804இல் நெப்போலியனின் முடிசூட்டு விழாவுக்கு வரவழைக்கப்பட்டார். முடியை நெப்போலியன் தன் கையாலேயே சூட்டிக்கொண்டார். 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமின் மதிலைப் பீரங்கியால் உடைத்து உள்ளே வந்தது. பெப்பின் கொடுத்த நாடு முடிந்தது. ஒன்பதாம் பயஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் வத்திக்கானை விட்டு வெளியே வராமல் இருந்தார்கள். 1929இல் முசோலினி அரசோடு செய்த உடன்படிக்கையில் 44 ஹெக்டேர் அளவுள்ள வத்திக்கான் தனி நாடானது.

நிலமும் படையும் போனதால் போப் பதவி நலிந்துவிடும் என்று அன்று பலர் எதிர்பார்த்தார்கள். எனக்கோ, அதன் பழைய பலம் திரும்ப அந்த இழப்பு உதவியதாகவே தோன்றுகிறது. 1978இல் போலந்துக்காரரான இரண்டாம் யோவான் பவுல் போப் ஆனார். 1979 ஜூனில் ஒன்பது நாள் தன் நாட்டுக்குப் போனார். கம்யூனிச அரசை இறக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூசை வைத்தார், பிரசங்கம் செய்தார். ஆனால் இலட்சக்கணக்கில் திரண்ட மக்கள், தங்களைப் போல நினைப்பவர்கள் எத்தனை பேர் என்று ஒருவரையொருவர் நேரில் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் க்டான்ஸ்க் கப்பல் தளத்தில் வேலைநிறுத்தம். தளத்தின் வாசலில் போப்பின் படம் தொங்கியது. அரசோடு செய்த ஒப்பந்தத்தில் தொழிலாளர் தலைவர் லேக் வலேசா கையெழுத்துப் போட்டது, போப்பின் படம் பதித்த பெரிய பேனாவால். 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. அந்த வேலைநிறுத்தத்தில் பிறந்த சாலிடாரிட்டி தொழிற்சங்கம் முடக்கப்பட்டு, 1982இல் தடைசெய்யப்பட்டது. அப்படியும் அந்தக் கூட்டம் கலையவில்லை. 1989 ஜூன் தேர்தலில், போட்டியிட அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாலிடாரிட்டி வென்றது. அடுத்த மாதமே போலந்து வத்திக்கானோடு முழுத் தூதரக உறவைப் புதுப்பித்துக்கொண்டது.